அந்த மனைவியை ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓடிடி பகுதியில் 'லிவிங் வித் யுவர்செல்ஃப்' தொடருக்கு வந்த விமர்சனத்தைப் படித்தேன். 2019-இல் நெட்ஃபிளிக்ஸில் எட்டே அத்தியாயங்களாக வந்த தொடரை இப்போதாவது எடுத்துப் பேசினீர்களே, சந்தோஷம். ஆனால் பால் ரட்டின் இரட்டை வேடத்தைப் பற்றியும் குளோனிங் (ஒரு ஆளை அப்படியே நகலெடுப்பது) சமாச்சாரத்தில் இருக்கும் ஓட்டைகளைப் பற்றியும் முக்கால்வாசி எழுதிவிட்டு, மனைவியாக வரும் ஆஷ்லிங் பீயை ஒரே வரியில் முடித்துவிட்டது சரியாகப் படவில்லை.

பால் ரட் நடிக்கும் மைல்ஸ், விளம்பர வேலையும் சலித்து, வீடும் சலித்து, குழந்தை பெறுவதற்கான சிகிச்சைக்கு மனைவி கூப்பிட்டால் ஏதாவது சொல்லித் தட்டிக்கழிக்கிற ஆள். புது மனிதனாக ஆகிவிடலாம் என்று 50,000 டாலர் கட்டி ஒரு ஸ்பாவுக்குப் போகிறவர், காட்டில் ஒரு குழிக்குள் பிளாஸ்டிக் சுற்றிய நிலையில் கண்விழித்து, மூச்சுத் திணறி, மண்ணைக் கிளறிக்கொண்டு டயப்பரோடு மேலே வருகிறார். வீட்டுக்குப் போனால் அங்கே ஏற்கெனவே ஒரு மைல்ஸ், ஸ்பாக்காரர்கள் எடுத்த நகல், இவரைவிடக் கொஞ்சம் பளபளப்பாக. இது எப்படிச் சாத்தியம் என்று தொடர் மெனக்கெட்டு விளக்கவில்லைதான். விளக்கியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? விஞ்ஞானம் இதில் வெறும் சாக்கு.

'நீ முன்ன மாதிரி இல்லை' என்று சண்டையில் சொல்லாத தம்பதி உண்டா? இங்கே அந்த 'முன்ன மாதிரி' ஆளே வாசலில் வந்து நிற்கிறான், சுறுசுறுப்பாக, மனைவி மேல் உயிராக, கல்யாண நாள் முதல் எல்லாம் ஞாபகத்தில் இருக்க. ஆனால் அந்தக் கல்யாணத்தில் நின்றவன் அவன் இல்லை, அவளோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவனும் அவன் இல்லை. நம் சினிமா இரட்டை வேடம் மாதிரி ஒருவன் நல்லவன் ஒருவன் கெட்டவன் என்று பிரித்துவிடவும் முடியாது. அதைவிட எனக்கு எரிச்சல் வந்த இடம் வேறு: ஆபீஸுக்கு யார் போவது, வீட்டில் யார் இருப்பது என்று இரண்டு பேரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்கிறார்கள், ஆனால் கூட வாழப்போகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. சிரிக்க வைத்துக்கொண்டே காட்டுகிறார்கள், ஆனால் பழைய மைல்ஸ் செய்த துரோகங்களிலேயே பெரியது இதுதான் என்பேன்.

தொடரும் அவள் விஷயத்தில் கஞ்சத்தனம்தான் காட்டியிருக்கிறது. ஐந்தாவது அத்தியாயம் ஒன்றுதான் முழுக்க அவள் பார்வையில் நகர்கிறது, என்னைக் கேட்டால் எட்டில் அதுதான் உருப்படி. (இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள்.) கடைசியில் அவள் கர்ப்பம் என்று தெரிகிறது, அப்பா யார் என்று சாதாரண மரபணுச் சோதனை செய்தாலும் விடை கிடைப்பது கஷ்டம், ஏனென்றால் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே மரபணு. அப்புறம் இரண்டாவது சீசன் வரவே இல்லை. அவள் யாரோடு வாழ நினைக்கிறாள், இருவருமே வேண்டாம் என்கிறாளா என்பது அப்படியே நிற்கிறது. உங்கள் விமர்சகர் நட்சத்திரம் போடுவதற்கு முன் இதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்