காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான ஈர்ப்பு விசை பற்றிய கட்டுரை, கனமான பொருளும் இலேசான பொருளும் ஒன்றாகவே தரையைத் தொடும் என்று கூறி அத்துடன் நின்றுவிட்டது. வெற்றிடத்துக்கு அது முற்றிலும் சரி. ஆனால் காற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால், கல் சட்டென்று விழுவதையும் தாள் மிதந்து இறங்குவதையும் நாள்தோறும் பார்க்கும் மாணவர், தேர்வில் ஒன்றை எழுதிவிட்டு மனத்துக்குள் வேறொன்றை நம்பிக்கொண்டிருப்பார்.

நிறை இருமடங்கானால் ஈர்ப்பு விசையும் இருமடங்காகிறது. அந்த நிறையை முடுக்கத் தேவைப்படும் விசையும் இருமடங்காவதால், காற்று இல்லாதபோது எப்பொருளாயினும் ஒவ்வொரு வினாடியும் அதன் வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது. காற்றுத்தடை அப்படிப்பட்டதன்று. அது பொருளின் வடிவத்தையும் பரப்பையும் வேகத்தையும் பொறுத்தது. வேகம் இருமடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். இப்படி வளர்ந்துகொண்டே போகும் தடை எடைக்கு ஈடாகும்போது முடுக்கம் நின்று, பொருள் மாறாத வேகத்தில் இறங்கத் தொடங்குகிறது. இதுவே முற்றுத் திசைவேகம். அப்போதும் ஈர்ப்பு விசை சிறிதும் குறைவதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலரும் தடுமாறும் இடம் இதுதான். காற்று மட்டும் இல்லையென்றால், 2 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளி மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைத் தாக்கும். உண்மையில் பெரிய துளிகள்கூட வினாடிக்கு 9 மீட்டர் அளவில்தான் வந்து விழுகின்றன.

1971-இல் அப்பல்லோ 15 பயணத்தின்போது விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் வல்லூறின் இறகையும் ஒருசேர விட்டபோது இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. அதைக் காண நிலவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. ஓரம் வெளியே நீளாதபடி ஒரு தாளைத் தடித்த புத்தகத்தின் மேல் வைத்து, புத்தகத்தைக் கிடைமட்டமாகக் கீழே விட்டால், காற்றை விலக்கும் வேலையைப் புத்தகமே செய்துவிடுவதால், தாள் அதைவிட்டுப் பிரியாமல் கூடவே விழும்.

இத்தகைய கட்டுரைகளுடன் இனி ஒரு படமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். விடும் கணத்தில் எடையைக் காட்டும் கீழ்நோக்கிய அம்புக்குறி மட்டும், பிறகு அதனுடன் காற்றுத்தடையைக் காட்டும், வளர்ந்துவரும் மேல்நோக்கிய அம்புக்குறி, இறுதியில் இரண்டும் சம நீளம் என மூன்று நிலைகள் அதில் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்