உன் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடு

அன்புத் தோழிக்கு,

நீ குரல் பதிவு அனுப்பியதிலிருந்தே எழுத நினைத்தேன், கடையில் சனம் குறைந்து இன்றைக்குத்தான் நேரம் கிடைத்தது. போனில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், எழுத்தில் இருந்தால் நாலு பேரிடம் காட்டலாம்.

நாங்கள் சுகம். காலபோகம் பரவாயில்லை, நெல் விலைதான் வழக்கம்போல. போட்டோக்கொப்பிக் கடை ஓடுகிறது. கிளிநொச்சி நீதிமன்றத்துக்குப் பக்கம் என்பதால் காலையிலேயே சனம் வந்துவிடும், சொப்பிங் பையைத் திறந்து காணிப் பெர்மிட், இறப்புச் சான்றிதழ், விதானையாரின் கடிதம் என்று ஒவ்வொன்றாக மேசையில் பரப்புவார்கள். முள்ளிவாய்க்கால் வரை போய்த் திரும்பிய கடதாசிகள், மடிப்பில் கிழிந்து, மண் நிறமாகி இருக்கும். கொப்பி எடுக்கும்போதே எனக்குக் கை நடுங்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூத்தவளுக்கு வேலைக்கு விண்ணப்பிக்கிற இடமெல்லாம் குடியுரிமை என்ற கட்டத்தில் நின்றுபோகிறது என்று அழுதாயே. நீ 1984 நவம்பரில் தமிழ்நாட்டில், மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26இலிருந்து 1987 யூன் 30 வரை அந்த மண்ணில் பிறந்த எவரும் பிறப்பாலேயே இந்தியர். தாய் தகப்பன் எந்த நாடு என்று சட்டம் கேட்கவில்லை, தூதுவர்களின் பிள்ளைகள் போல ஒன்றிரண்டு விலக்கு மட்டும் உண்டு. அதன் பிறகு பிறந்தவர்களுக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3இலிருந்து இன்னும் இறுக்கிவிட்டார்கள். இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வராதவராகவும் இருக்க வேண்டும்.

இதை உன் வீட்டுக்குப் பொருத்திப் பார். நீ இந்தியர். மூத்தவள் 2004 ஓகஸ்டில் பிறந்தவள், தாய் இந்தியர் என்பதால் அவளும் இந்தியர். நாலு மாதம் பிந்திப் பிறந்திருந்தால் அவள் கதையும் முடிந்திருக்கும். சின்னவன் 2010. உன் மனுசன் 1990இல் மன்னாரிலிருந்து பாஸ்போர்ட், விசா இல்லாமல் வள்ளத்தில் போனவர், ஆகவே சின்னவனுக்கு இல்லை. ஒரே பாயில் படுத்தெழும்பிய அக்கா தம்பியில் ஒருத்தி குடிமகள், ஒருத்தன் அகதி. எந்தப் புத்திசாலி உட்கார்ந்து எழுதினானோ தெரியவில்லை.

இது நான் கடையில் இருந்து விடுகிற கதை இல்லை. நீ இருக்கிற வாழவந்தான்கோட்டை முகாமுக்குத் தூரமில்லாத கொட்டப்பட்டு முகாமில், 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுத்தார்கள். அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஓகஸ்டில் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்கும் போட்டுவிட்டார். முகாம் பதிவில் அகதி என்று இருந்ததால் அவருடைய பிறப்புரிமை போய்விடவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் குடியுரிமை வாங்கித் தருகிறோம் என்று மேடையில் முழங்கிய யாரும் செய்யாததை ஒரு பிறப்புச் சான்றிதழ் செய்தது.

மற்ற வழிகளை எண்ணி ஏங்காதே. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுக்கும்தான், நாங்கள் அதில் இல்லை. அதை எதிர்த்துப் போட்ட வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கின்றன. போன வருசம், 2025 மே மாதம், ஒரு ஈழத்தமிழரின் மனுவைத் தள்ளும்போது அதே நீதிமன்றம் இந்தியா தர்மசத்திரம் இல்லை என்றது, அங்கே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டும்தானாம். பிறகு செப்டம்பரில் ஒரு விலக்கு உத்தரவு வந்தது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லை என்று தண்டிக்க மாட்டார்கள். உன் மனுசனுக்கு நிம்மதிதான், ஆனால் சிறையில் போட மாட்டோம் என்பதும் இரு என்பதும் ஒன்றல்ல. இந்தியா அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்தே வைக்காத நாடு, இவ்வளவு செய்ததே பெரிது என்பாரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் சிறையிருந்த சாந்தனை நினைத்துப் பார். 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமே விடுதலை செய்தது, பிறகும் திருச்சிச் சிறப்பு முகாமில் வைத்திருந்து, 2024 பெப்ரவரியில் சென்னை ஆஸ்பத்திரியில் செத்துத்தான் வீடு வந்தார். ஏ9 வீதியால் அந்த உடலைக் கொண்டுபோனபோது நானும் றோட்டில் நின்றேன்.

இனி நீ செய்ய வேண்டியது. திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100க்கு அடித்தும் கேட்கலாம். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும், 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. குடிமகளா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை, வாசலில் யாராவது கேட்டால் இதைச் சொல். முதலில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பி. மறுத்தால் எழுத்தில் வாங்கு, வாய்ச்சொல்லை வைத்து மனுப் போட முடியாது. இலங்கைத் தூதரகத்தில் எப்போதாவது உன்னை இலங்கைக் குடியாகப் பதிந்திருந்தால் வக்கீலிடம் மறைக்காதே, அந்த இடத்தில்தான் வழக்குக் கவிழும்.

மதுரையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்கச் சட்டமன்றம் 2006இலேயே தீர்மானம் போட்டும் டெல்லி அசையவில்லை. இங்கே கிளிநொச்சியில் வழக்கு தமிழில் நடக்கிறது. அதற்காக இங்கே நீதி கிடைக்கிறது என்று சொல்ல வரவில்லை, 2017 பெப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கந்தசாமி கோயிலடியில் குந்திய அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். கூண்டில் நிற்கிறவருக்குத் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றாவது விளங்கும், அவ்வளவுதான். நீ வக்கீலை மறித்து மறித்துக் கேள், வெட்கப்படாதே.

திரும்பி வருவதைப் பற்றி உன் மனுசன் கேட்டிருந்தார். அவசரப்பட வேண்டாம். அகதிகளுக்கான ஐ.நா. அலுவலகம் மூலம் முறையாக வந்த ஒரு முதியவரையே 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் வைத்துப் பிடித்தார்கள், அந்தக் காலத்தில் களவாக நாட்டை விட்டுப் போனாராம். ஷெல்லுக்குள் யார் விசா எடுத்துக்கொண்டு ஓடினது? சின்னவனின் படிப்பு முடியட்டும், மூத்தவளின் அலுவல் சரிவரட்டும், பிறகு யோசிப்போம்.

சான்றிதழ் கிடைத்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. லாமினேட் மட்டும் பண்ணிவிடாதே, பின்பக்க முத்திரையை அதிகாரி தடவிப் பார்க்க முடியாமல் போனதால் அலைந்த சனத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உன் பெயரிலோ தகப்பன் பெயரிலோ எழுத்து மாறியிருந்தால் இப்போதே சொல், அதற்கு வேறு அலுவல் இருக்கிறது.

அம்மா எல்லாரையும் சுகம் கேட்டார். சின்னவனைப் படிக்கச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து வீட்டுக்காரி