இங்கிலாந்தின் ரட்லண்ட் கவுண்டி ஊர்களும் மறைந்த ஊர்களும்: செயலாளரின் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே,

வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும். சந்தா நினைவூட்டலும் அதே உறையில்தான் வைக்கப்படும்.

வழக்கமான நிகழ்ச்சிகள் குறைவின்றி நடந்தன. ஓக்கம் கோட்டை மண்டபத்தில் தொங்கும் குதிரை லாடங்கள் பற்றி ஒரு சொற்பொழிவு. விங் ஊரின் புல்தரைப் புதிர்ப்பாதைக்கும் லிடிங்டன் பீட் ஹவுஸ் என்ற பழைய முதியோர் இல்லத்துக்கும் சிற்றுலா. கோடைத் தேநீர் விருந்து, மழையில்.

இனி, மறைந்த ஊர்களின் நில அளவை. இதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று செயற்குழுவில் கேட்கப்பட்டதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரட்லண்ட் 1974இல் லெஸ்டர்ஷயரோடு இணைக்கப்பட்டு, 1997இல் தனி நிர்வாகத்தைத் திரும்பப் பெற்ற கவுண்டி (மாவட்டம் போன்றது). மார்ட்டின்ஸ்தோர்ப்பும் ஹார்னும் பாரிஷ் (ஊர் அளவிலான நிர்வாகப் பிரிவு) பட்டியலில் இருக்கின்றன, ஊரைத்தான் காணோம். 1348-49 கொள்ளைநோய் கொண்டுபோயிற்று என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் மிட்லண்ட்ஸில், அதாவது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பல ஊர்கள் காலியானது அதற்கும் பிறகு, 15, 16ஆம் நூற்றாண்டுகளில், உழவு நிலம் ஆட்டு மேய்ச்சலாக மாறியபோதுதான். நெதர் ஹாம்பிள்டன் கதை வேறு. 1970களில் எம்பிங்கம் அருகே க்வாஷ் ஆற்றில் அணை கட்டியதும் அது ரட்லண்ட் வாட்டருக்குள் போயிற்று. அதற்கு, ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் பழைய வரைபடமே கதி.

மற்ற இடங்களில் நிலத்தையே படிக்கலாம். குளிர்காலக் காலை வெயில் சாய்வாக விழும்போது, லேசான உறைபனி இருந்தால் இன்னும் நல்லது, பள்ளமாய் ஓடும் பழைய தெருவும் அதன் இருபுறமும் மேடான வீட்டுமனைகளும் தெரியும். நண்பகலில் போனால் வெறும் புல்தான். பழைய உழவு வரப்புகள் தலைகீழ் 'எஸ்' போல வளைந்திருக்கும். நீண்ட வரிசையாக ஏரில் பூட்டிய எருதுகளைத் திருப்ப இடம் வேண்டியிருந்ததே காரணம். நேராகவும் குறுகலாகவும் இருந்தால் அவை பெரும்பாலும் பிற்காலத்தவை. காஞ்சொறி அடர்ந்த இடத்தைக் கவனியுங்கள். மனிதர் குடியிருந்த மண்ணில் பாஸ்பேட் மிகுதி, அதில் காஞ்சொறி செழிக்கும். கல் எடுத்த குழியை வீட்டுமனை என்று குறித்துவிடுவது அடிக்கடி நேரும் பிழை. குழிக்கு ஒழுங்கான மூலைகள் இருக்காது.

வேலியை ஒட்டி அளவைக்கு ஆதாரமான நேர்கோடு ஒன்று போட்டு, 10 மீட்டருக்கு ஒரு முளை அடித்து, 3-4-5 முக்கோணத்தால் செங்கோணம் எடுத்து அளக்கிறோம். சரிவில் நாடாவை மட்டமாகப் பிடிக்க வேண்டும். தரையோடு படுக்கவிட்டால் தூரம் கூடிவிடும். வரைபடத்தில் சரிவைக் காட்டப் போடும் சிறு கோட்டின் தடித்த தலை மேட்டின் உச்சியில் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கரை அகழியாகிவிடும். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உலோகங்காட்டிக்கு, 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, தனி அனுமதி வேண்டும். நம் பையில் உலோகங்காட்டி கூடவே கூடாது.

இந்த வேலைக்குக் குறைந்தது மூன்று பேர் தேவை. பெயர் கொடுத்தவர்கள் பலர். உறைபனி விழுந்த காலையில் களத்துக்கு வந்தவர்கள் யார் என்பது வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. இங்கே வாசித்து யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. தேநீர் விருந்துக்கு வருகை குறைந்ததில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழ ஈடாகியுள்ளன. சந்தா பாக்கி வந்திருந்தால் 'ஏறத்தாழ' தேவைப்பட்டிருக்காது. விவரம் பொருளாளரிடம் உண்டு. நாடாவும் முளைகளும் வாங்கியது ஆடம்பரம் அல்ல. பழைய துணி நாடா நனைந்து நீண்டு போயிருந்தது.

மேய்ச்சல் நிலத்தில் நுழைய அனுமதித்த விவசாயிகளுக்கும், மண்டபம் தந்த பாரிஷாருக்கும், கேக் செய்துவந்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பிக்வர்த்தின் மறைந்த ஊரை அளக்க வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய மட்டுமே வேலை செய்யலாம். மார்ச்சில் ஆடுகள் ஈனத் தொடங்கிவிடும். அப்போது எந்த விவசாயியும் உள்ளே விடமாட்டார். இதைத் தொடர்வதா என்பதைச் சபையே முடிவு செய்யட்டும். செயலாளர் பதவிக்கான வேட்புமனுப் படிவம் வாசல் மேசையில், சந்தாப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சென்ற ஆண்டும் அங்கேதான் இருந்தது.

செயலாளர்