கிணற்றில் போட்ட கல்லா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில், "ஆலோசகரிடம் சொல்வது எதுவானாலும் கிணற்றில் போட்ட கல்தான், தைரியமாகப் பேசுங்கள்" என்று ஒரு தாய்க்குப் பதில் வந்திருந்தது. அவர் கேட்டது, பத்து வயது மகளிடம் சொந்தக்காரர் ஒருவர் தவறாக நடந்துகொண்டதைப் பற்றி. பதில் எழுதியவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்ததால் அப்படியே அச்சேற்றிவிட்டீர்கள் போல.

அந்த "எதுவானாலும்"தான் இடிக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு குழந்தைக்கு அப்படி நடந்தது தெரிந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும்; நடந்துவிடுமோ என்ற பயம் இருந்தாலும் அப்படித்தான். மறைத்தால் 6 மாதம் வரை சிறை. மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவிகளுக்கு நடந்ததைத் தெரிந்தும் சொல்லாத மருத்துவர் வழக்கில், அது கடுமையான குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. டாக்டர், ஆலோசகர், பக்கத்து வீட்டுக்காரர், யாருக்கும் விலக்கு இல்லை. அந்தத் தாயின் கடிதத்தைப் பிரித்துப் படித்த உங்களுக்கும்தான், ஐயா. உறை இன்னும் உங்கள் அலுவலகத்தில்தானே இருக்கும்?

நான் 17 வருடமாகப் பள்ளிகளில் ஆலோசகர். முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவேன்: "நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உன்னை யாராவது காயப்படுத்தினா மட்டும் சொல்லுவேன்." இதைக் கேட்ட ஓர் ஆறாம் வகுப்புப் பெண், "அப்ப சொல்லட்டுமா, வேண்டாமா மிஸ்?" என்றாள். அப்புறம் பெஞ்சில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள். முழுசாகச் சுரண்டி முடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

நான் புகார் செய்தேன். "உங்களை நம்பித்தானே மேடம் அனுப்பினேன், இப்படிச் சந்தி சிரிக்க வச்சுட்டீங்களே" என்றார் அவள் அம்மா. இன்றுவரை என்னோடு பேச்சில்லை. தாளாளருக்குப் பள்ளியின் பெயர் பற்றித்தான் கவலை. குழந்தையின் வீட்டுக்கே போய், சீருடை இல்லாமல், கூடுமானவரை பெண் எஸ்.ஐ. ஒருவர் விசாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். எங்களை ஸ்டேஷன் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். போகிற வருகிற காக்கிச்சட்டை எல்லாம் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. இவ்வளவையும் பார்த்துவிட்டும் சொல்கிறேன், நாளைக்கே இன்னொரு பிள்ளை வந்தாலும் புகார் செய்வேன்.

உங்கள் நாளிதழை மட்டும் விட முடியுமா? அவளைப் பற்றி வந்த செய்தியில் பெயரைப் போடவில்லை, சரி. தெருவையும் வகுப்பையும் அப்பா பார்க்கும் தொழிலையும் போட்டீர்களே! அந்தத் தெருவில் அப்புறம் பெயர் எதற்கு? அடையாளம் தெரியக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்று 23-ஆம் பிரிவு சொல்வதை அப்போதே விரிவாக எழுதி அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல் என்றால் அந்தக் கடிதம்தான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம். கீழே குழந்தைகள் உதவி எண் 1098. ராசிபலனுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

என் பெயரைப் போட வேண்டாம். போட்டால் எந்தப் பள்ளி, எந்தப் பெண் என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
22 வருட சந்தாதாரர்