ஹோய் கிராமத்தைக் காலம் மறக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த காகசஸ் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரஷ்யாவின் செச்சன்யாவில் உள்ள ஹோய் கிராமத்தைப் பற்றி வந்த இரண்டு பத்திகள்தான் உறுத்தின. "காலம் மறந்துபோன கல் கிராமம்" என்று எழுதி, கோபுரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு படமும் எடுத்துப் போட்டு, அடுத்த ஊருக்குப் போய்விட்டார் உங்கள் கட்டுரையாளர். காலமாவது மறப்பதாவது! அந்த ஊர் காலியானதற்குத் தேதியே இருக்கிறது. 1944 பிப்ரவரி 23.

ஊர் எங்கே இருக்கிறது என்பதையாவது கொஞ்சம் விளக்கியிருக்கலாம். செச்சன்யாவின் வெதெனோ என்ற ஊரிலிருந்து மலையேறி, பக்கத்துக் குடியரசான தாகெஸ்தானின் போத்லிக் பக்கம் இறங்கும் பாதையில் கெசெனோயம் என்று ஒரு பெரிய ஏரி வரும். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலே, சில இடங்களில் 70 மீட்டருக்கு மேல் ஆழம், மலை சரிந்து ஆற்றை அடைத்ததால் உண்டானது. (விருந்தினரை விரட்டியடித்த ஊர் ஒன்று அப்படியே தண்ணீருக்குள் போய்விட்டது, இடம் கொடுத்த ஏழை விதவை மட்டும் தப்பித்தாள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள்.) அந்த ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, செங்குத்தான பள்ளத்தாக்கின் விளிம்பில் இருக்கிறது ஹோய். செபெர்லோய் என்ற மலைநாட்டின் கிழக்கு வாசலைக் காவல் காத்த ஊர் அது, கோபுரம் அங்கே நிற்பது அதற்காகத்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஆண்டி என்ற ஊர், கம்பளி அடித்துச் செய்யும் புர்க்கா மேலங்கிக்குப் பேர்போனது. ஆக, உலகத்தோடு ஒட்டாத மூலை ஒன்றுமில்லை இது, ஆளும் ஆடும் சரக்கும் வந்துபோன வழி.

கட்டுரையாளர் "பச்சைப் படிக்கட்டு" என்று வர்ணித்த, அதே பக்கத்தில் உள்ள மக்கஜோய் ஊரின் சரிவுகளையும் சொல்ல வேண்டும். அவை இயற்கையாக அமைந்தவை இல்லை. கல் அடுக்கி, மண் நிரப்பி, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் கட்டிய வயல்கள், பார்லியும் கோதுமையும் விளைந்த இடம். இன்று அங்கே பெரும்பாலும் புல்தான்.

சரி, அந்தத் தேதிக்கு வருகிறேன். அன்று சோவியத் ராணுவமான செஞ்சேனையின் நாள். கொண்டாட்டக் கூட்டம் என்று சொல்லி ஊர் ஊராக ஆண்களைக் கூப்பிட்டு, கூடியவர்களைப் படை சூழ நிறுத்தி, "நீங்கள் எல்லோரும் நாடு கடத்தப்படுகிறீர்கள்" என்று அறிவித்தார்கள். ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் தலைவர் பெரியா நேரில் செச்சன்யத் தலைநகர் க்ரோஸ்னிக்கு வந்து உட்கார்ந்து நடத்திய வேலை இது. போருக்கு உதவியாக அமெரிக்கா கொடுத்த ஸ்டூடிபேக்கர் லாரிகளில் ஏற்றி, சரக்கு ரயிலில் அடைத்து, ஏறத்தாழ 5 லட்சம் செச்சென், இங்குஷ் மக்களைக் கஜகஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் அனுப்பினார்கள். பசியிலும் குளிரிலும் டைஃபஸ் என்ற தொற்றுக் காய்ச்சலிலும் செத்தவர்கள் பல்லாயிரம் பேர். 1948-இல் இன்னொரு உத்தரவு வந்தது: இந்த நாடு கடத்தல் நிரந்தரம், குடியமர்த்திய இடத்தை விட்டுத் தப்பினால் 20 ஆண்டு கடுங்காவல்.

இதுவரை ஓரளவு பலருக்கும் தெரியும். ஹோய் ஏன் அதற்குப் பிறகும் காலியாகவே கிடந்தது என்பதுதான் யாரும் எழுதாத பகுதி. 1957-இல் செச்சென்-இங்குஷ் குடியரசைத் திரும்ப அமைத்தார்கள், ஜனங்களும் திரும்பி வந்தார்கள், சிலர் அங்கே இறந்தவர்களின் எலும்பைத் தோண்டி எடுத்துக்கொண்டே ரயில் ஏறினார்கள். ஆனால் செபெர்லோய், கலன்சோஜ் போன்ற உயர்மலைப் பகுதிகளுக்குத் திரும்பிப் போய்க் குடியேற அனுமதி கிடைக்கவில்லை. சமவெளியில் இடம் கொடுத்து, அங்கேயே இருங்கள் என்றுவிட்டார்கள். மலையில் விட்டால் கண்காணிக்க முடியாது என்ற பயம்தான் உண்மையான காரணம் என்பது என் எண்ணம். கூரை விழுந்தது, சுவர் சரிந்தது, சோவியத் காலத்தில் ஏரிக்கரையில் படகுப் போட்டி வீரர்களுக்குப் பயிற்சி முகாம் வந்தது, பக்கத்து ஊருக்கு மட்டும் சொந்தக்காரன் வரவில்லை.

இப்போது அதே ஊரைச் சுற்றுலாவுக்காகத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் படத்தையே உற்றுப் பாருங்கள், சுவரின் அடியில் பாசி படர்ந்த கல், மேலே வெளுத்த புதுக் கல், எந்த இடத்தில் பழசு முடிந்து புதுசு தொடங்குகிறது என்று கோடு போட்டது போலத் தெரியும். கட்டட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அதே செச்சன்ய ஆட்சியில், 2014-இல் இந்த நாடு கடத்தலைப் பற்றி க்ரோஸ்னியில் கருத்தரங்கு நடத்திய சமூகச் செயற்பாட்டாளர் ருஸ்லான் குதாயெவ் சில நாளிலேயே கைதானார். போதைப்பொருள் வழக்குப் போட்டுச் சிறைக்கு அனுப்பினார்கள். சுவரைப் பழுது பார்க்கலாம், அது ஏன் விழுந்தது என்று மேடை போட்டுப் பேசினால்தான் ஆபத்து. அங்கே வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு, இங்கே உட்கார்ந்து எழுதும் நமக்கு என்ன?

அடுத்த பகுதி தாகெஸ்தான் என்று போட்டிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு யோசனை. 1944-க்குப் பிறகு வெதெனோவையும் செபெர்லோயையும் தாகெஸ்தானோடு சேர்த்து, தாகெஸ்தானின் அவார், தார்கின் இனக் கிராமத்து மக்களைக் கட்டாயமாகக் கொண்டுவந்து அங்கே காலியான வீடுகள் பலவற்றில் குடிவைத்தார்கள். சொந்த ஊரை விட்டு வந்த அவர்களையே 1957-க்குப் பிறகு மறுபடி காலி செய்யச் சொன்னார்கள். அந்தக் குடும்பங்களில் யாரையாவது பார்த்துப் பேசச் சொல்லுங்கள், பேரன் பேத்திகளாவது இருப்பார்கள். அப்புறம் தயவுசெய்து ஒரு வரைபடமும் போடுங்கள், கூகுளில் தேடித் தேடிக் கண் வலிக்கிறது.

அன்புடன்,
ஒரு பழைய வாசகர்,
திண்டுக்கல்