பீச் மரம் விழுந்த செய்தி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புயலுக்கு முந்தைய நாள் வந்தது. மறுநாளே பதில் எழுதியிருக்க வேண்டும். அன்று இரவு அடித்த காற்றில் நாலு நாள் மின்சாரம் இல்லை, அப்புறம் எழுத மனசும் வரவில்லை. முழங்கால் வலி குறைந்து, கைப்பிடியைப் பிடிக்காமலே படி ஏறுகிறாய் என்று எழுதியிருந்தாய். இந்த வாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

இன்று காலை என் நாய் மணியைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டு வந்தேன். உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பீச் (beech) மரம் விழுந்துவிட்டது. ஓடைக்கு மேலே, நாம் சாய்ந்து உட்கார்ந்து பேசுவோமே, அதே மரம்தான்.

தரை முழுக்க உறைபனி. காற்று சுத்தமாக நின்றுபோய், காடே மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போல இருந்தது. முதல் திருப்பத்திலேயே மணி நின்றுவிட்டான். நமக்குத்தான் பாதை கண்ணில் இருக்கிறது. அவனுக்கு அது மூக்கில் இருக்கிறது. தினமும் மோந்து பார்க்கும் அடிமரம் புரண்டு கிடக்கிறது, நரி போன தடத்தின் மேல் ஒரு வண்டி அளவுக்குக் கிளைகள் விழுந்திருக்கின்றன. எங்கும் உடைந்த மரத்தின் பச்சை வாசனை. ஊசியிலை மரங்களின் பிசின் வாசனை அதற்கும் மேலே. பாவம், முன்னே போவதா என்று என் முகத்தைப் பார்த்தான். பத்து வயதில் இப்படி ஒரு தயக்கத்தை அவனிடம் நான் பார்த்ததில்லை.

மேட்டில் இருந்த ஊசியிலை மரங்கள் மொத்தமாகச் சாய்ந்துவிட்டன, எல்லாம் ஒரே திசையில். பக்கத்திலேயே ஓக் மரங்கள் ஒன்றிரண்டு கிளையை மட்டும் இழந்துவிட்டு நிற்கின்றன. குளிர்காலத்தில் இலை உதிர்த்த மரத்துக்குள் காற்று புகுந்து போய்விடும். இலையை வைத்துக்கொண்டு நிற்கும் மரம் கப்பல் பாய் மாதிரி அத்தனையையும் வாங்கிக்கொள்ளும். போதாததற்கு இந்தக் காற்று வழக்கமான திசையிலிருந்தும் வரவில்லை. எந்தப் பக்கத்துக் காற்று அடிக்கடி தள்ளுகிறதோ அதற்கு ஏற்றபடிதான் மரம் வேரைப் பலப்படுத்தும். 2021 நவம்பரில் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் அடித்த ஆர்வென் புயல் அவ்வளவு மரங்களைச் சாய்த்ததற்கும் இது ஒரு காரணம். அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுக்குப் பழகிய மரங்களை வடகிழக்குக் காற்று வந்து தள்ளியது.

சரி, நம் மரத்துக்கு வருகிறேன். பீச் இலை உதிர்க்கும் மரம்தானே, அது ஏன் விழுந்தது என்று கேட்பாய். இத்தனை வாரமாகப் பெய்த மழையில் மண் கூழாகிவிட்டது. வேரும் மண்ணும் சேர்ந்து ஒரு சுவர் போல எழுந்து நிற்கிறது. உயரம் இரண்டு ஆள், தடிமன் என் இடுப்பளவு கூட இல்லை. மரத்தின் உயரத்துக்கு வேரும் கீழே போயிருக்கும் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். பெரும்பாலான வேர்கள் மேல் மண்ணில் ஒரு மீட்டருக்குள்ளேயே படர்ந்துவிடுகின்றன. ஆழத்தில் இல்லை, அகலத்தில்தான் அது நின்றிருக்கிறது.

அந்தக் குழிக்குள் மணி இறங்கப் பார்த்தான். சட்டென்று கயிற்றை இழுத்துவிட்டேன். உன் பக்கத்திலும் மரங்கள் விழுந்திருந்தால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். விழுந்த மரத்தை யாராவது அறுத்தால், பாரம் விட்டதும் அந்த வேர்ச்சுவர் பழைய குழிக்குள்ளேயே திரும்ப விழலாம். உள்ளே நாயோ குழந்தையோ இருந்தால் அவ்வளவுதான். அதேபோல, ஒரு மரம் இன்னொன்றின் மேல் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தால் அடியில் போகவே கூடாது. அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் ஓடைக்குப் போகாமல் திரும்பினேன்.

ஆனால் ஒன்று. சரிவுப் பக்கம் பாதி வேர் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. கிளை நுனியில் ஊசி போல மொட்டுகள், ஒன்றைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை. வெட்டிப் போட்ட கிளை கூடச் சில வாரம் பச்சையாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாதி வேரை என்னால் மறக்க முடியவில்லை.

லண்டன் கியூ தோட்டத்து டர்னர் ஓக் நினைவுக்கு வந்தது. 1987 அக்டோபர் புயல் தென் இங்கிலாந்தில் சுமார் 1.5 கோடி மரங்களைச் சாய்த்தது. கிட்டத்தட்ட 200 வயதான அந்த ஓக்கை மட்டும் வேரோடு தூக்கி, அதே இடத்தில் திரும்ப உட்கார வைத்துவிட்டது. ஏற்கனவே நோஞ்சானாக இருந்த மரம். பிழைக்காது என்றுதான் நினைத்தார்கள், முட்டுக் கொடுத்து விட்டு வைத்தார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தால் முன்பைவிடச் செழிப்பாக இருக்கிறது! வருகிறவர்கள் மிதித்து மிதித்து இறுகிப்போன மண்ணைப் புயல் குலுக்கித் தளர்த்திவிட்டிருக்கிறது. வேருக்குக் காற்றும் நீரும் போக ஆரம்பித்திருக்கிறது. அதிலிருந்துதான் அங்கே மற்ற மரங்களின் அடிமண்ணையும் தளர்த்த ஆரம்பித்தார்கள்.

நண்பா, நாம் எத்தனை வருடம் அந்தப் பீச்சின் அடியில் மிதித்திருக்கிறோம்! பாதையே அதன் வேர் மேல்தானே போனது. மரம் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனிப் போடும் பாதை பெரிய மரங்களை விட்டு விலகிப் போக வேண்டும்.

அடுத்த வாரம் காட்டைச் சுத்தம் செய்வது பற்றிப் பேசக் கூடுகிறார்கள். எல்லாவற்றையும் இயந்திரம் வைத்து இழுத்துப் போட்டுவிடலாம் என்று ஒரு பேச்சு. நான் எழுந்து பேசப் போகிறேன். பாதையை மட்டும் திறந்துவிடுங்கள், ஆபத்தாகத் தொங்குவதைத் தெரிந்த ஆளை வைத்து இறக்குங்கள், மற்றதைத் தொடாதீர்கள். 1987க்குப் பிறகு அவசரப்பட்டு அள்ளிய இடங்களில் கனரக வண்டிகள் மண்ணையும் இளங்கன்றுகளையும் நசுக்கிவிட்டன. விட்டுவைத்த இடங்களில் காடு தானாகவே எழுந்து வந்தது. கலைமான் வண்டின் (stag beetle) புழு மக்கும் மரத்துக்குள் வருடக்கணக்கில் வளர்கிறது, அதற்குப் பட்ட மரம்தான் வீடு. நீ இருந்தால் என்னைவிட நன்றாக இதைப் பேசுவாய்.

அந்த மரத்தடியில் எடுத்த படம் உன்னிடம்தான் இருக்கிறது. கிடைத்தால் ஒரு பிரதி அனுப்பு. எந்தக் கிளை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். இலை விடும் காலம் வரை தினமும் போய்ப் பார்ப்பேன். மணி இப்போது என் காலடியில் தூங்குகிறான், காது முடியில் இன்னும் பிசின் ஒட்டியிருக்கிறது, எண்ணெய் தடவி எடுக்க வேண்டும்.

படியில் பார்த்து ஏறு.

அன்புடன்,
உன் நண்பன்