எந்த மக்கள் ஐயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த தாமஸ் பிட் கட்டுரையைக் காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் படித்துக்கொண்டிருந்தேன், இந்த வரி வரும் வரை: "மதராஸ் கவர்னர் பதவி முடிந்து ஊர் திரும்பிய பிட், ஓல்ட் சாரம் தொகுதி மக்களால் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்."

எந்த மக்கள் ஐயா? சில வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சாலிஸ்பரியிலிருந்து பஸ் பிடித்து, முழங்கால் வலியோடு அந்த ஓல்ட் சாரம் மேட்டில் ஏறிப் பார்த்தவன் நான். இடிந்த கல்சுவர், பழைய தேவாலயத்தின் அஸ்திவாரம் தரையோடு தரையாக, மீதியெல்லாம் புல். தேவாலயமும் ஊரும் 13-ஆம் நூற்றாண்டிலேயே கீழே சாலிஸ்பரிக்கு இறங்கிவிட்டன. அப்படியும் 1832 வரை அந்தப் புல்லுக்கு இரண்டு எம்.பி., பெரிய தொழில் நகரமான மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. ஓட்டு ஆளுக்கு இல்லை, மனைக்கு. மனைகளை பிட் மதராஸ் வருவதற்கு முன்பே கிரயம் பண்ணி வைத்திருந்தார். ஓட்டுப் போட்டவர்களை உட்காரவைத்தால் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைகூட நிறையாது. பின்னாளில் பிரதமரான பேரன் வில்லியம் பிட் 1735-இல் முதன்முதலாக சபைக்குள் போனதும் இதே புல் வழியாகத்தான்.

இந்த மாதிரித் தொகுதிகளை ஒழித்த 1832 சீர்திருத்தச் சட்டத்தை முப்பது வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். "ஆளே இல்லாத ஊருக்கு எம்.பி.யா சார்?" என்று வருஷா வருஷம் ஒரு பையனாவது கேட்பான். தங்களுக்குத் தெரியாததில்லை, கட்டுரையாளருக்குத்தான் அந்தச் சந்தேகம் வரவில்லை போலிருக்கிறது.

மதராஸில் பிட் வாங்கிய வைரத்துக்கு மட்டும் இரண்டு முழுப் பக்கம்! 1702-இல் 48,000 வராகனுக்கு வாங்கியதை 1717-இல் பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றார், இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, சரி. இதே மனிதர் கிழக்கிந்தியக் கம்பெனியை மீறித் திருட்டு வியாபாரம் செய்து அபராதம் கட்டியவர் என்பதும், அவரையே கம்பெனி 1698-இல் கவர்னராக அனுப்பியது என்பதும் எங்கே போயிற்று? இடமில்லை என்பீர்கள். மகன் செருப்புக் குதிகாலில் வைரத்தை ஒளித்துக் கொண்டுபோன கதைக்கு மட்டும் இடம் இருந்தது.

இது முதல் தடவையும் இல்லை. முன்பு ஒருமுறை, நான் மேலே சொன்ன பிரதமர் வில்லியம் பிட்டின் பெயரைப் போட்டு, அதே பெயர் கொண்ட அவர் மகன் படத்தை அச்சிட்டீர்கள். சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதம் இரண்டு வரியாகக் குறுகி, என் இனிஷியலும் மாறி வந்தது. யாரிடம் சொல்வது என்று அன்று விட்டுவிட்டேன்.

இப்போது கேட்பது ஒரு வரித் திருத்தம். இந்தக் கடிதத்தைச் சுருக்கித்தான் ஆகவேண்டும் என்றால் வைரத்தை வெட்டிக்கொள்ளுங்கள், புல்லை விட்டுவிடுங்கள்.

அப்புறம், சந்தா கட்டியும் பொங்கல் மலர் எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
கும்பகோணம்